நான்காம் நாள் தட்டு

அந்த ஸ்பாவில் கொடுத்த துண்டுகள் நல்ல துண்டுகள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதில் அந்த இடத்துக்காரர்களுக்கு நல்ல பெயர் வருகிற மாதிரி வேறு எதுவும் இல்லை. கனமான வெள்ளைத் துண்டு, வெயிலில் காய்ந்த வாசனை, ஒரு முடிகூட ஒட்டியிருக்கவில்லை. நான் விரித்துப் பார்த்தேன். யார் கொடுத்த துண்டானாலும் விரித்து இரண்டு பக்கமும் பார்க்காமல் நான் மேலே போட்டுக்கொள்வதில்லை.

நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளலாம். நான் அழப்போவதில்லை, மயங்கி விழப்போவதும் இல்லை. காலையிலிருந்து என்னை மரியாதையாகத்தான் நடத்துகிறீர்கள். தண்ணீர்கூட மூடி திறக்காத பாட்டிலில் கொடுத்தீர்கள். அதற்காகவாவது நான் ஒழுங்காகப் பேச வேண்டும்.

தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். ஓட்டல், மருத்துவமனை, நீச்சல் குளம் என்று எங்கெங்கிருந்தோ பாட்டிலில் தண்ணீர் வரும். அதில் என்ன கிருமி இருக்கிறது என்று வளர்த்துப் பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. அந்த ஸ்பாவும் எங்கள் வாடிக்கையாளர்தான். அவர்களுடைய வெந்நீர்த் தொட்டித் தண்ணீர் மாதம் ஒருமுறை எங்களிடம் வரும். இந்த வருடம் அவர்களுக்கு என்ன தோன்றியதோ, எங்கள் கூடத்தில் இருக்கிற பன்னிரண்டு பேருக்கும் ஒரு சனிக்கிழமை பகல் முழுக்க இலவசம் என்று கடிதம் அனுப்பினார்கள். மசாஜ், நீராவி அறை, வெந்நீர்த் தொட்டி, மத்தியானச் சாப்பாடு, எல்லாம் சேர்த்து. கடிதத்தை அறிவிப்புப் பலகையில் குத்திய நாளிலிருந்து கூடத்தில் வேறு பேச்சே இல்லை.

நான் வர மாட்டேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு அங்கே சோப்பு அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், நான் கதவைத் தாண்டியதும் சொல்வார்கள். கதவு மெல்லிய கண்ணாடி என்பது அவர்களில் ஒருவருக்கும் உறைத்ததில்லை. நான் தம்பி வீட்டில் இருக்கிறேன். அங்கேயும் என் தம்ளர் தனி, என் பக்கெட் தனி. தம்பி மனைவி அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. விருந்தாளி வந்தால், "அண்ணி, உங்க தம்ளரை மேல எடுத்து வெச்சுட்டேன்" என்று அவளே வந்து சொல்லிவிட்டுப் போவாள். சேர்ந்து வாழ்வது என்றால் அப்படி இருக்க வேண்டும்.

கூடத்தில் அப்படி இல்லை. எங்கள் பிரிவின் தலைவரை ஹெட் சார் என்போம். மூன்று வருடத்துக்கு முன்னால் வந்தவர். அவர் மேசையில் உட்கார்ந்தபடியே கால் நகம் வெட்டுவார். ஒரு முறை நகத்துண்டு ஒன்று தெறித்து என் குறிப்பேட்டின் நடுவில் விழுந்தது. அதை எடுத்துக் கொடுங்கள் என்பதுபோலக் கையை நீட்டினார். சமையல்காரர் என்று இன்னொருவர், கிருமிக்குத் தீனி காய்ச்சி ஊற்றுகிற வேலை அவருக்கு. தும்மும்போது கையால் வாயைப் பொத்துவார், அதே கையால் என் தோளைத் தட்டி, "சாப்டாச்சா?" என்பார். கிருமி என்றால் என்னவென்று தெரியாதவர்கள் அசிங்கமாக இருந்தால் விட்டுவிடலாம். நாள் முழுக்க அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு, அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொண்டு, அப்படி இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. எனக்குக் குமட்டும். அது இன்று நேற்று வந்த குமட்டல் அல்ல.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது பிறந்தநாள் வருகிறது என்றால், சில நாள் முன்பே அவருக்குத் தெரியாமல் அவருடைய பொருள் ஒன்றைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுப்பார்கள். செல்போன், சீப்பு, செருப்பு, எது வேண்டுமானாலும். துடைத்ததைத் தட்டில் தேய்த்து வளர்ப்பார்கள். தட்டு என்பது உள்ளங்கையளவு, மூடி போட்ட வட்டக் கிண்ணம். பிறந்தநாள் அன்று அதில் மஞ்சளும் வெள்ளையுமாக என்ன பூத்திருக்கிறதோ, அதை எல்லார் முன்னாலும் நீட்டிக் கை தட்டுவார்கள். பிறந்தநாள் தட்டு என்று அதற்குப் பெயர். அருவருப்பான விளையாட்டு, ஆனால் இத்தனை வருடம் என்னிடம் யாரும் அதை விளையாடியதில்லை. இந்த வருடம் விளையாடினார்கள்.

என் தண்ணீர் பாட்டிலின் வாயைத் துடைத்திருக்கிறார்கள். தட்டில் ஒன்றும் வளரவில்லை. வளராது, நான் அதைத் தினமும் வெந்நீரில் போட்டு எடுப்பவள். வெறும் தட்டை நீட்டினால் யார் சிரிப்பார்கள்? அதனால் ஹெட் சார் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். நான் பாட்டிலை நிரப்பி வைத்துவிட்டு மற்ற அறைக்குப் போகும் நேரம் பார்த்து, அதில் வாய் வைத்துக் குடித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். இரண்டு நாள் அப்படிச் செய்திருக்கிறார். இரண்டு நாளும் நான் அதில் குடித்தேன். பிறகு துடைத்து வளர்த்தார்கள். தட்டு நிறையப் பூத்தது. மூடியில் சோப்பு அக்கா என்று எழுதி, என் கையில் கொடுத்துப் படமும் எடுத்தார்கள். நானும் சிரித்தேன். அது எப்படிப் பூத்தது என்று ஒரு வாரம் கழித்துச் சமையல்காரர்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "கோவிச்சுக்காதீங்க, ஒரு ஜாலிக்குத்தான்" என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு பல நாள், எச்சில் விழுங்கும்போதெல்லாம் அந்த ஆளின் வாய் ஞாபகத்துக்கு வந்தது.

என் மேசையிலிருந்து அந்தப் பாட்டிலை ஹெட் சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தது சின்னவள். வேலைக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, எல்லாரிலும் சிறியவள், அதனால் அப்படித்தான் கூப்பிடுவோம். அவளே வந்து சொன்னாள். "மன்னிச்சிடுங்க அக்கா, எடுத்துட்டு வான்னு சொன்னாங்க, எதுக்குன்னு எனக்குத் தெரியாது" என்றாள். நான் அவளை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். படம் எடுத்தபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்கத்தான் என்று சொல்வதற்கில்லை.

இனி அந்த ஸ்பா தொட்டித் தண்ணீர். நாங்கள் போகவேண்டிய சனிக்கிழமைக்கு முந்தின திங்கட்கிழமை வந்தது. வெந்நீரில் வாழ்ந்து, நீராவியோடும் குமிழியோடும் மேலே எழும்பி, மூச்சு வழியாக நுரையீரலுக்குள் போகிற கிருமி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் உங்கள் தாளில் இருக்கிறது, நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. அதை வளர்ப்பதற்குக் கரித்தூள் கலந்த கறுப்புத் தட்டு. நான்காம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள் என்று மூன்று முறை பார்க்க வேண்டும். பத்தாம் நாள்தான் முடிவான அறிக்கை. ஆனால் நடுவில் ஒரு புள்ளி சந்தேகமாகத் தெரிந்தாலும் அந்த நிமிடமே வாடிக்கையாளருக்குப் போன் போட்டுத் தொட்டியை மூடச் சொல்ல வேண்டும். அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு கணக்கு மனதில் பதிந்துவிட்டது. போன் போகவில்லை என்றால் தண்ணீர் சுத்தம்.

வெள்ளிக்கிழமை காலை நான்காம் நாள் தட்டைத் திறந்தேன். ஓரமாகச் சாம்பல் வெள்ளையில் பதினேழு புள்ளிகள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் உடைந்த கண்ணாடித் தூள்போல மினுங்கின. இத்தனை வருடத்தில் அதை நான் வேறொன்றாக நினைத்ததில்லை. தட்டை இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்பது விதி. முதலில் நான், பிறகு ஹெட் சார். ஹெட் சார் பார்க்க மாட்டார். திங்கட்கிழமை காலையிலேயே அந்த வாரத்துத் தாள் முழுக்கவும் தன் கட்டங்களில் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார். நாங்கள் எழுதுவதை எழுதிக்கொள்ளலாம். அவர் வந்த நாளிலிருந்து அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் நான் ஒரு பொய்கூட எழுதியதில்லை. அன்றைக்கு, "வளர்ச்சி இல்லை" என்று எழுதினேன். தட்டைத் திரும்பவும் வெப்பப் பெட்டியில் வைத்தேன். யாருக்கும் போன் போடவில்லை.

நீங்கள் அதை வேறு மாதிரி எழுதுவீர்கள், எனக்குத் தெரியும். நான் எதையும் எங்கேயும் கலக்கவில்லை. அந்தக் கிருமி நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தண்ணீரில் இருக்கிறது. தொட்டியின் வடிகட்டியை மாற்றாமல் விட்டது ஸ்பாக்காரர்கள். நான் ஒரு நாள் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். அவர்கள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு வாரம் படுக்கட்டும் என்று நினைத்தேன். தங்கள் உடம்புக்குள் அடுத்தவன் அசிங்கம் புகுந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும். அது நியாயமான ஆசை என்றுதான் எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பார்க்க வேண்டும் போலிருந்தது.

வேலை செய்யும் இடத்தில் கோட்டுக்குள் இருக்கிற மனிதர்களை அந்த வெள்ளை அங்கியில் பார்க்கக் கூடாது. ஹெட் சாரின் கெண்டைக்காலில் முடி ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது. கால் தேய்த்துவிடும் பெண் அவருடைய குதிகாலைச் சுரண்டச் சுரண்ட, பழுப்பாக உதிர்ந்தது துணியில் குவிந்தது. அவர் அதைக் காட்டி, "பாருங்கப்பா, ஒரு கால் கிலோ தேறும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முகத்தில் ஏதோ மண்ணைப் பூசிக் கண்மேல் வெள்ளரித் துண்டு வைத்து அவரைப் படுக்க வைத்தார்கள். எழுந்ததும் அந்தத் துண்டைக் கண்ணிலிருந்து எடுத்து வாயில் போட்டு மென்றார். உப்பாக இருக்கிறது என்று வேறு சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வரவேற்பில் இருந்த பெண் என்னிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டாள். மசாஜ் வேண்டாம் என்றேன், முகப்பூச்சு வேண்டாம் என்றேன், தொட்டியும் வேண்டாம், வயிறு சரியில்லை என்றேன். அவள் இஞ்சி போட்ட வெந்நீர் கொண்டுவந்தாள். அவள் நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன, அதனால் வாங்கிக் குடித்தேன்.

பன்னிரண்டு மணிக்குத் தொட்டி. எட்டுப் பேருக்கான தொட்டி அது. பதினொரு பேரும் அதற்குள் இறங்கினார்கள். முழங்காலோடு முழங்கால் இடிக்க, ஒருத்தர் தோளில் இன்னொருத்தர் முதுகு உரச, கூச்சமே இல்லாமல் நெருக்கி உட்கார்ந்தார்கள். பொத்தானை அழுத்தியதும் அடியிலிருந்து குமிழி கொதித்து வந்தது, மேலே நுரை கட்டியது. யாருடைய காலிலிருந்தோ கழன்ற பிளாஸ்திரி ஒன்று நுரையில் சுற்றிச் சுற்றி வந்தது. சமையல்காரர் வாய் நிறையத் தண்ணீர் எடுத்துப் பீய்ச்சியடித்தார். புது இடத்தில் குழாய்த் தண்ணீரைக்கூட யோசித்துக் குடிக்கிறவர் அவர். ஒருத்தர், "ஏன் சார், வாயில எல்லாம் எடுக்கிறீங்க" என்று கேட்டார். "நம்ம லேப்ல பார்த்த தண்ணிய்யா. இதைவிடச் சுத்தமான தண்ணி உங்க வீட்லகூட கிடையாது" என்றார் சமையல்காரர். ஹெட் சார் கண்ணை மூடியபடி தலையை ஆட்டினார். அவருடைய கையெழுத்து அந்தத் தண்ணீர்மேல் இருந்தது, அவருக்கு என்ன கவலை.

நான் வெளியே மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நடுவில் கண்ணாடிக் கதவு. அது திறந்திருந்தது, நான்தான் எழுந்துபோய்ச் சாத்தினேன். கேமராவில் பார்த்ததாகச் சொன்னீர்கள், சரிதான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டதும் நான்தான். முக்கால் மணி நேரம் அவர்கள் ஊறினார்கள். ஆவிக்குள் அவர்கள் சிவந்து உப்பித் தெரிந்தார்கள், முகம் எது முதுகு எது என்று தெரியவில்லை. எனக்கு அப்போது அருவருப்பு மட்டும்தான் இருந்தது. பயமோ இரக்கமோ வந்திருந்தால் உங்களிடம் மறைக்க மாட்டேன்.

திங்கட்கிழமை ஏழாம் நாள் தட்டைப் பார்த்து, "வளர்ச்சி உள்ளது" என்று எழுதி, உடனே ஸ்பாவுக்குப் போன் போட்டேன். அன்றைக்கே தொட்டியை மூடிவிட்டார்கள். நான் கடமை தவறியவள் என்று நீங்கள் எழுதினால், இதையும் பக்கத்தில் எழுத வேண்டும். செய்தி கேட்டுக் கூடத்தில் எல்லார் முகமும் வெளுத்துவிட்டது. ஹெட் சார் தாளை எடுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். எப்படிப் பேசுவார்? அவரும்தானே தட்டைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகாது, சும்மா பீதியைக் கிளப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டு, டாக்டரிடம் போகவும் யாரையும் விடவில்லை.

புதன்கிழமை காய்ச்சல் தொடங்கியது. ஆறு பேர் படுத்தார்கள். சமையல்காரர் காய்ச்சல் வந்த எட்டாம் நாள் போய்விட்டார். சின்னவள் பதினோராம் நாள். ஹெட் சாருக்கு இரண்டு நாள் இருமல், அதோடு சரி. இப்போதும் மேசையில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டென்றால் அது அதுதான்.

சின்னவளைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சுத் தொந்தரவு என்பது எனக்குத் தெரியும். பையில் இன்ஹேலர் இல்லாமல் அவள் எங்கேயும் போக மாட்டாள். ஒரு முறை அதை எங்கேயோ வைத்துவிட்டுத் திணறியபோது நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். மாத்திரை வாங்க, டாக்டரிடம் கேட்க, எல்லாவற்றுக்கும் முதலில் என்னிடம்தான் வருவாள். விளக்கை எந்தக் கோணத்தில் சாய்த்தால் புள்ளி தெரியும், எதைக் கிருமி என்று எடுத்துக்கொள்ள வேண்டும், எதைத் தள்ள வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். கற்றுக்கொள்வதற்காகத் தினமும் தட்டுகளைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமையும் எடுத்திருக்கிறாள். அந்தப் படத்தைத்தான் இப்போது மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். தேதியும் மணியும் அதிலேயே இருக்கிறது. நல்ல படம். விளக்கைச் சரியாகச் சாய்த்திருக்கிறாள்.

முன்பு உங்களிடம், தண்ணீரைப் பற்றி அன்றைக்கு என்னை யாரும் கேட்கவில்லை என்று சொன்னேன். அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். அவள் கேட்டாள்.

உடை மாற்றும் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். மற்றவர்கள் தொட்டிக்குப் போய்விட்டார்கள், சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் துண்டைச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, செல்போனை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டீங்களே. இது நேத்து நம்ம கறுப்புத் தட்டு. ஓரத்துல சாம்பலா கொஞ்சம் இருக்கே, இது அதுவா? அதுன்னா நான் இறங்கக் கூடாதுல்ல? எனக்கு ஏற்கெனவே மூச்சு சரியில்ல."

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினேழும் இருந்தன. ஐந்து மாதத்தில் ஒருத்தி அதைத் தானாகக் கண்டுபிடிப்பது சாதாரண விஷயமல்ல, அந்த நிமிடம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் நான் ஒருத்தி இறங்காவிட்டால் சோப்பு அக்கா வழக்கம்போல என்பார்கள். அவளும் இறங்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அவள் காரணத்தைச் சொல்வாள், படத்தைக் காட்டுவாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

"காத்துக் குமிழிம்மா இது. ஊத்தும்போது வர்றது. புதுசா வர்றவங்க எல்லாரும் இதுலதான் ஏமாறுவாங்க" என்றேன்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நல்ல வேளை உங்ககிட்ட காட்டினேன். ஹெட் சார்கிட்ட காட்டியிருந்தா மானம் போயிருக்கும்" என்றாள். படத்தை அழிக்கிற மாதிரி ஏதோ செய்தாள், அழித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பிறகு எழுந்து நின்று, "அப்ப இறங்கட்டுமா?" என்று கேட்டாள்.

ரப்பர் தொப்பிக்கு வெளியே நெற்றியில் கொஞ்சம் முடி பிரிந்து கிடந்தது. நானே அதை உள்ளே தள்ளிவிட்டு, "போ, போய் நல்லா அனுபவி" என்றேன்.

அவள்மேல் எனக்குப் பழைய கோபம் இருந்தது என்று நீங்கள் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். அவளை நான் ஒரு நாளும் அருவருத்ததில்லை. அவள் முடியைத் தொட்ட கையை அன்றைக்கு மூன்று முறைதான் கழுவினேன்.